கடைசிச் சுழி

பொய்க் கையெழுத்துப் போட்ட குற்றத்துக்காக என் நாத்தனாருக்கு இரண்டு வருடம் சிறை என்று தீர்ப்புச் சொன்னார்கள். கூண்டைவிட்டு இறங்கியவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டீங்களா அண்ணி, அங்கயே விட்டுட்டீங்களா?" என்பதுதான். ஜெயிலுக்குப் போகிறவளுக்கு டப்பா எதற்கு என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அழுதுகொண்டே பெஞ்சுக்கு அடியில் குனிந்து டப்பாவைத் தேடினேன்.

அன்றைக்கே உள்ளே போயிருப்பாள். மேல்முறையீடு செய்யப்போகிறோம், அதுவரை தண்டனையை நிறுத்திவையுங்கள் என்று மனுப் போட்டு, என் வீட்டுக்காரரும் அவருடைய நண்பர் ஒருவரும் ஜாமீனுக்கு நின்று, சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வந்ததும் வராததுமாகக் கொடியில் கிடந்த துணிகளை உருவி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் காலையிலேயே மடித்து வைத்திருந்ததையும் பிரித்து மறுபடி மடித்தாள். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதைச் செய்கிறாள். இதற்கென்று ஒரு சட்டப் பிரிவு இருந்திருந்தால் நானே புகார் கொடுத்து அவளை எப்போதோ உள்ளே தள்ளியிருப்பேன்.

ஊரில் அவளுக்கு முத்திரை என்று பெயர். திருமணப் பதிவு அலுவலகத்தில் உதவியாளர். ரப்பர் முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றிக் காகிதத்தின் மேல் ஒரு குத்துக் குத்துவாள். எதிர்ச்சாரி டீக்கடைவரை சத்தம் கேட்கும். டீக்கடைக்காரர் கெட்டிலை இறக்காமலே, "இன்னொருத்தன் மாட்டிக்கிட்டான்" என்பார். ஊருக்கெல்லாம் கல்யாணம் முடித்து வைத்தவள் தான் மட்டும் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அதான் தினமும் பாக்குறேனே அண்ணி, போதாதா?" என்பாள்.

அந்த அலுவலகம் இரண்டே அறை. முன்னறையில் நீளமாக ஒரு பெஞ்ச். கல்யாணம் பண்ணிக்கொள்ள வந்தவர்கள் அதில் பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கொக்கி உடைந்த ஜன்னலுக்கு அட்டையை மடித்துச் செருகியிருக்கும். உள்ளறையில் பதிவாளர். நல்ல மனுஷன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். எல்லா ஜோடியிடமும் "நல்லா இருங்க" என்று ஒரே வார்த்தைதான் சொல்வார். அதையும் ஏதோ சந்தேகத்தோடு சொல்வார்.

வழக்கு இதுதான். கடிகாரக்கடைப் பெரியவர் என்று ஒருவர் இருந்தார். மனைவி போய் ரொம்ப நாள் ஆனவர். வயதான காலத்தில், தன் கடைக்குப் பக்கத்தில் தையல் மெஷின் போட்டிருந்த அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். முத்திரையின் அலுவலகத்தில்தான் பதிவு நடந்தது. பெரியவர் கண்ணை மூடியதும் அவருடைய மகன்கள் மூன்று பேரும் கிளம்பி வந்தார்கள். உயிரோடு இருந்தபோது அப்பா எந்தத் தெருவில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாதவர்கள். தையல்காரம்மா கையிலிருக்கும் திருமணச் சான்றிதழே பொய், பதிவாளர் கையெழுத்தை உதவியாளர் போட்டுக் கொடுத்திருக்கிறாள், ஆகவே அந்த அம்மா கடை மாடியிலிருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று புகார் கொடுத்தார்கள். முத்திரை வாங்கிய லஞ்சம் என்று அவர்கள் காட்டியது, தையல்காரம்மா அவளுக்குத் தைத்துக் கொடுத்த ஒரு சட்டை. அதுவும் தோள்பட்டையில் பிடிக்கும். லஞ்சம் வாங்குகிறவள் அளவு சரியாக இருக்கும்படியாவது வாங்கியிருக்க மாட்டாளா?

பதிவாளர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். அவரிடம் சான்றிதழைக் காட்டிக் கேட்டார்கள். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என் கையெழுத்து இல்லையே" என்றார். கையெழுத்து நிபுணர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். பதிவாளர் போட்டதாக எல்லாரும் ஒத்துக்கொண்ட மற்ற சான்றிதழ்களையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது வேறு கை என்று அறிக்கை கொடுத்தார். சான்றிதழை எழுதியது அவள், ரப்பர் முத்திரையைக் குத்தியதும் அவள், அப்புறம் என்ன? அவளுக்குக் கிடைத்த வக்கீலோ விசாரணை முழுக்கக் கொட்டாவி விட்டார். அவள் சொன்னதெல்லாம் "நான் போடல" என்ற இரண்டே வார்த்தை. நீதிபதி நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே பாதிதான் நம்பிக்கை இருந்தது.

மேல்முறையீட்டுக்கு ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். சாவி வெட்டும் கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ். முக்கியமான விஷயத்துக்கு வரும்போதெல்லாம் கீழே மெஷின் கிறீச்சிடும். வக்கீலம்மா வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். சத்தம் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். முதல் நாள் அந்த நிபுணரின் அறிக்கையை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

"ஒப்புக்கொள்ளப்பட்ட கையெழுத்துகளில் காணப்படும் இயல்பான ஓட்டமும், உறுதியும், அழகும் சர்ச்சைக்குரிய கையெழுத்தில் இல்லை. குறிப்பாக, ஒப்புக்கொள்ளப்பட்டவை அனைத்திலும் இறுதியில் இடப்பட்டுள்ள நேர்த்தியான சுழி இதில் இல்லை. இது அனுபவமற்ற ஒருவரின் தடுமாற்றமான நகல் முயற்சி ஆகும்."

திரும்பிப் பார்த்தால் முத்திரை சிரித்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி, உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு.

"எதுக்குடி சிரிக்கிற?" என்றேன். "ஜெயில்ல போடணும்னு எழுதியிருக்கான்."

"இல்ல அண்ணி... மேடம், அந்த இடத்தை இன்னொரு தடவை படிங்களேன். அழகுன்னு எழுதியிருக்காரா?"

"ஆமா. ஓட்டம், உறுதி, அழகு."

"நேர்த்தியான சுழின்னும்?"

"ஆமாங்க. ஏன்?"

கீழே மெஷின் கிறீச்சிட்டது. அது நிற்கும்வரை நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றதும் முத்திரை சொன்னாள்:

"அதெல்லாம் நான் போட்டது மேடம்."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எதெல்லாம்?"

"அவர் ஒத்துக்கிட்டதா சொல்றீங்களே, அதெல்லாம். இந்தக் கடிகாரக்கடை சான்றிதழ் ஒண்ணுதான் சாரே தன் கையால போட்டது."

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணம். பதிவாளருக்கு அப்போதுதான் கை நடுக்கம் ஆரம்பித்திருக்கிறது. சான்றிதழில் அவர் பேனாவை வைத்ததும் கை உதறிக் காகிதம் கிழிந்துவிட்டது. பெண்ணின் அப்பா பெரிய வாய்க்காரர். "கையெழுத்துப் போடுறவருக்கே இப்படி நடுங்குதுன்னா, கட்டிக்கிறவன் கதி என்ன?" என்று உரக்கச் சொல்ல, அறையே கொல்லென்று சிரித்திருக்கிறது. பதிவாளர் காது சிவந்து உட்கார்ந்திருந்தார். முத்திரை, "மை கொட்டிடுச்சு, வேற எழுதிட்டு வரேன்" என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய், புதிதாக எழுதி, அவர் கையெழுத்தையும் தானே போட்டுக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள்.

அந்தப் பெரிய வாய்க்காரர் என் அப்பா. அது என் கல்யாணம். அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் இருந்தது, பீரோவுக்குப் பின்னால் நடந்ததுதான் தெரியாது.

"அப்ப எங்களுது?" என்றேன். 

"உங்களுதுதான் அண்ணி மொத மொத. கொஞ்சம் சுமாராத்தான் வந்துச்சு."

ஆக, என் தலையெழுத்தைப் போட்டவளே இவள்தான். அன்றிலிருந்து அதுவே அலுவலகத்தின் வழக்கமாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. பதிவாளர் பேனா மூடியைத் திறப்பார். திரும்பிப் பார்க்காமலே வலது பக்கம் நீட்டுவார். அவள் வாங்கிக்கொள்வாள், பீரோவுக்குப் பின்னால் போவாள், வருவாள், ஒரு குத்து. வருகிற ஜோடிகள் எதைக் கவனித்தார்கள்? தங்களைத் தவிர எதையும் பார்க்கும் நிலையில் யாரும் அங்கே வருவதில்லை.

கடிகாரக்கடைப் பெரியவர் மட்டும் விடவில்லை. அவரும் பதிவாளரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். "என் கல்யாணத்துக்கு நீயே போடுடா. நடுங்கினா நடுங்கட்டும், எனக்கும்தான் நடுங்குது" என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். முத்திரை இரண்டு கையாலும் காகிதத்தை அழுத்திப் பிடிக்க, பதிவாளர் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டு முடித்தார். பெரியவர் கைதட்டினாராம். அத்தனை வருடத்தில் அந்த அலுவலகத்திலிருந்து வெளியே போன ஒரே நிஜக் கையெழுத்து அதுதான். அதைத்தான் பொய் என்று நிரூபித்து இவளுக்கு இரண்டு வருடம் கொடுத்திருந்தார்கள்.

வக்கீலம்மா கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாக, "நான் இதுவரைக்கும் இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்ல" என்றார். "வழி இருக்கு. பதிவாளரை மறுபடி சாட்சியா கூப்பிடணும்னு மனுப் போடலாம். கோர்ட்ல எல்லார் முன்னாடியும் ஒரு கையெழுத்து போடச் சொல்லலாம். நடுக்கம் தெரிஞ்சிடும், கேஸ் உடைஞ்சிடும். ஆனா அடுத்த நிமிஷம் அரசு வக்கீல் எழுந்து கேப்பார், அப்ப மத்ததெல்லாம் யாரு போட்டதுன்னு. ஒரு கையெழுத்துக்கு ரெண்டு வருஷம்னா, அத்தனைக்கும் சேத்து உங்க பேரன் பேத்தி வந்துதான் மீதியை அனுபவிக்கணும்."

"எனக்குத்தான் கல்யாணமே ஆகலையே மேடம்" என்றாள் முத்திரை.

"எங்க கல்யாணமெல்லாம் செல்லுமா, செல்லாதா?" என்று கேட்டேன். எனக்கு என் கவலை.

"செல்லும், செல்லும். ரெண்டு பேர் சம்மதமும் சாட்சியும் இருந்தா கல்யாணம் கல்யாணம்தான்."

அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். செல்லும் என்று சொன்னபோது அவர் முகம் லேசாக வாடியதை நான் கவனிக்காமல் இல்லை. வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவர் வாயில் எந்த விஷயம் தங்கியிருக்கிறது? முடிவெட்டும் கடையில் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிட்டார். முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, தன் சான்றிதழைத் தேட வீட்டுக்கு ஓடிவிட்டாராம். இவர் பாதித் தலையோடு திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். பயந்து வந்தவர்கள் பாதி. மீதி பேர் வேறு நினைப்பில் வந்தார்கள். மெத்தைக் கடைக்காரர் ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, முத்திரையிடம் குரலைத் தாழ்த்தி, "உண்மை ஜெயிக்கணும்க்கா. எல்லாத்தையும் ஒத்துக்குங்க. உங்க பின்னாடி நாங்க இருக்கோம்" என்றார்.

"எதுக்குங்க?"

"எல்லாமே கேன்சல் ஆயிடும்ல?"

மறுநாள் பின்வாசல் வழியாக அவருடைய மனைவி வந்தாள். அதே ஆப்பிள்தான், வேறு பை. அதே கேள்வி. முத்திரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து உங்க வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டுட்டுப் போனார். இவ்வளவு ஒத்துமையா இருக்கிறவங்க பிரியவே கூடாது" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். ஆப்பிளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சிரிப்பெல்லாம் சரி. மேல்முறையீட்டுத் தேதி வந்துகொண்டிருந்தது. தோற்றால் ஜாமீன் போய்விடும், அவள் உள்ளே போக வேண்டும். பதிவாளரைக் கூப்பிட வேண்டாம் என்று ஒரே பிடிவாதம் பிடித்தாள். வக்கீலம்மா கெஞ்சிப் பார்த்தார். நான் திட்டிப் பார்த்தேன். அவளுக்கு அந்த மனுஷன் மேல் ஏதாவது இருக்கிறதோ என்றுகூட எனக்குச் சந்தேகம். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"அவர் மேல உனக்கு ஆசையாடி?"

"ஐயய்யோ!" என்று அவள் முகம் சுளித்த வேகத்தில் சந்தேகம் தீர்ந்தது. "அவர் மூக்குப்பொடி போடுவார் அண்ணி."

"பின்ன யாருக்காக இந்தத் தியாகம்?"

கையில் இருந்த தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "தியாகமெல்லாம் இல்ல. மொத தடவை அவருக்காகப் போட்டேன். அதுக்கப்புறம்... எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் வாசல்ல வேற வேற ஆளா வருவாங்க. நான் அதைப் போட்டுக் குடுத்ததும் ஒண்ணா வெளிய போவாங்க. அதை நான் செஞ்சேன்னு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். என்னைப் பாத்து யாரும் எழுந்து நின்னு உக்கார இடம் குடுத்ததில்ல அண்ணி. அந்த ஒரு நிமிஷம் மட்டும் நான் பெரிய ஆளு. அதைக் கோர்ட்ல போய்த் திருட்டுத்தனம்னு சொல்லச் சொல்றீங்க."

எனக்கு அவள் மேல் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்திருக்கிறோம், அவள் பெரிய ஆளாக வேண்டும் என்று நினைத்ததே எனக்குத் தெரியாது. கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு டீ கொடுத்திருக்கலாம். அதற்குப் பதில் துணியை மடிக்காதே என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் மனதை மாற்றியது நானும் இல்லை, வக்கீலம்மாவும் இல்லை. தையல்காரம்மா வந்தார். மகன்கள் கடை மாடிப் படிக்கட்டில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்களாம். தையல் மெஷின் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த அம்மா அழவில்லை, புகார் சொல்லவில்லை. "நான் அவரைக் கட்டிக்கிட்டது நிஜம்தானம்மா? நீயும்தானே பாத்தே?" என்று மட்டும் கேட்டார்.

"நிஜம்தாம்மா" என்றாள் முத்திரை. "எல்லாத்தையும்விட அதுதான் நிஜம்." அந்த அம்மா போனதும் என்னிடம் திரும்பி, "வக்கீலம்மாகிட்ட சொல்லிடுங்க அண்ணி. அவரைக் கூப்பிடட்டும்" என்றாள்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் கொஞ்சம் பெரிய இடம். மேலே உயரத்தில் மின்விசிறி சுற்றும், காற்று கீழே வராது. நீதிபதிக்கு அன்று கடுமையான ஜலதோஷம். அரசு வக்கீல் உள்ளே வந்ததும் முத்திரை என் முழங்கையை இடித்தாள். "அண்ணி, இவர் கல்யாணத்துக்கும் நான்தான் போட்டேன். பொண்ணு வீட்டுல யாரும் வரல. சாட்சிக்கு ஆள் இல்லாம எதிர்த்த டீக்கடைக்காரரைத்தான் கூட்டிட்டு வந்தோம். இவர் எங்க கையெழுத்துப் போடணும்னு தெரியாம பேந்தப் பேந்த முழிச்சிட்டு நின்னார்."

இப்போது அந்த மனுஷன் முழிக்கவில்லை. பதிவாளரை மறுபடி கூப்பிடத் தேவையே இல்லை என்று முழங்கினார். நிபுணரின் அறிக்கையை எடுத்து அந்தச் சுழியைப் பற்றியே கால்மணி நேரம் பேசினார். அவர் சுழி, சுழி என்று சொல்லும்போதெல்லாம் என் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலை மிதித்துக் குனிய வைத்தேன். நீதிபதி மூக்கைச் சிந்திவிட்டு, "வந்திருக்காருல்ல, கூப்பிடுங்க. ஒரு கையெழுத்துதானே?" என்றார்.

பதிவாளர் வந்தார். தேய்த்த சட்டை, இரண்டு கையும் பாக்கெட்டுக்குள். ஆள் பாதியாகியிருந்தார். முத்திரை உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு முன்னால், அவள் பக்கம் பார்க்காமலே நின்றார். ஒரு சின்ன மேஜையைப் போட்டு, வெள்ளைத் தாளை வைத்தார்கள்.

"நீங்க ஆபீஸ்ல எப்பவும் எப்படிப் போடுவீங்களோ, அதே மாதிரி போடுங்க" என்றார் நீதிபதி.

பதிவாளர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். தாளை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல், பேனாவை வலது பக்கம் நீட்டினார்.

நான் அவள் கையைப் பிடிக்க எட்டினேன். அதற்குள் எழுந்துவிட்டாள். இரண்டே எட்டு. பேனாவை வாங்கிக்கொண்டாள். அத்தோடு நிற்கவில்லை. தாளின் மேல் குனிந்து, "இதுல எங்க சார்?" என்று வேறு கேட்டாள்.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் வக்கீலம்மா கேஸ் கட்டால் முகத்தை மூடிக்கொண்டார். நீதிபதி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே இருவரையும் பார்த்தார்.  நீதிமன்றத்திலேயே, நீதிபதி கண்ணெதிரிலேயே, தன் வாயால் ஒரு வார்த்தை ஒத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டாளே பாவி என்று நினைத்தேன்.

"அம்மா," என்றார் நீதிபதி, ரொம்ப நிதானமாக. "பேனாவை அவர்கிட்டயே குடுங்க."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பேனாவை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பதிவாளரும் விழித்துக்கொண்ட மாதிரி சுற்றிப் பார்த்தார். முகம் வெளுத்தது. பாக்கெட்டிலிருந்த இடது கையை எடுத்து, நடுங்கும் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட ஆரம்பித்தார். பேனா முனை தாளில் தட்டித் தட்டி நகர்ந்தது. 

நீதிபதி அந்தத் தாளையும் கடிகாரக்கடைச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கோணல், ஒரே உடைசல். இரண்டிலும் சுழி இல்லை. சான்றிதழைப் பதிவாளரிடம் காட்டச் சொன்னார். "இப்ப சொல்லுங்க. இது யாரோடது?"

பதிவாளர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "என்னோடதுதாங்க" என்றார். "அன்னைக்குக் காட்டினப்ப நான் பொய் சொல்லலீங்க. இது என்னோடது இல்லன்னுதான் நெனச்சேன். என் கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும்னே ஞாபகம்."

எனக்குப் பக்கத்தில் முத்திரை தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"அரசுத் தரப்புல ஏதாவது கேக்கணுமா?" என்றார் நீதிபதி.

அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கேள்வி தெரியும். அரசு வக்கீல் எழுந்தார். வாயைத் திறந்தார். முத்திரை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. எங்கே போடணும்னு தெரியலையா தம்பி, இதோ இங்கே என்று மாப்பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே பார்வை. அந்த மனுஷன் கவுனை இரண்டு தரம் சரி செய்தார். ஊரெல்லாம் பேசிய பேச்சு அவர் வீட்டுக்கும் போயிருக்காதா என்ன?

"கேள்வி ஒண்ணும் இல்லைங்க" என்று உட்கார்ந்தார்.

மத்தியானம் தீர்ப்பு வந்தது. கீழ்நீதிமன்றம் கொடுத்த தண்டனை ரத்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை. மற்றக் கையெழுத்துகளைப் பற்றிய கேள்வி இந்த வழக்கில் எழவில்லை என்று நீதிபதி ஒரு வரி சேர்த்துப் படித்துவிட்டு, எங்கள் பக்கம் பார்க்காமல் மூக்கைச் சிந்தினார். தையல்காரம்மா ஓடிவந்து முத்திரையைக் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை நிற்கவில்லை. அவள் என் காதில், "டப்பா?" என்றாள்.

வெளித் தாழ்வாரத்தில் பதிவாளர் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத் தயாராகத்தான் போனேன். அவருடைய ஞாபகமறதியால் என் நாத்தனார் தலைகுனிந்து நடந்த நாட்களை யார் திருப்பித் தருவார்கள்? அதற்குள் ஊழியர் ஒருவர் சாட்சி வந்து போனதற்கான சீட்டை நீட்டி, கையெழுத்துக் கேட்டார். பதிவாளர் பேனாவைத் திறந்தார். கை கொஞ்சம் வலப்பக்கம் போனது. தானே இழுத்துக்கொண்டார். முத்திரை பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் தட்டித் தட்டிப் போட்டு முடித்தார்.

"சுழியை விட்டுட்டீங்க சார்" என்றாள்.

"எந்தச் சுழி?"

"கடைசியில போடுவீங்களே. எப்பவும் போடுவீங்களே சார். அதைப் பாத்துத்தானே நான் கத்துக்கிட்டேன்."

பதிவாளர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "அது நான் போட்டதில்லம்மா. எனக்கு எந்தக் காலத்துலயும் சுழி கிடையாது. மொத நாள் நீயா சேத்துப் போட்டே. நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன்."

முத்திரை கையிலிருந்த சீட்டை ஒருமுறை குனிந்து பார்த்தாள்.  நான் பதிவாளரைக் கேட்கவிருந்த நாலு வார்த்தையும் எனக்கு மறந்துபோயின.

தீர்ப்பின் நகல் வாங்கக் கீழே ஜன்னலுக்குப் போனோம். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே பேரேட்டைத் தள்ளி, "பெற்றுக்கொண்டேன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார். முத்திரை தன் பெயரை எழுதினாள். நான் இத்தனை வருடத்தில் அவள் தன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்ததில்லை. மொட்டையாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போல இருந்தது. பேனாவை வைக்கப் போனவள் மறுபடி எடுத்தாள். ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு சுழி போட்டாள்.